ஐம்பத்தேழு மேடுகள்

அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால், தொழிற்சாலையில் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் யோசிக்காமல் சொல்வார். மற்ற எல்லோருக்கும் அவள் ரிப்பீட்டு. இளையவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். தரையில் பதிக்கிற டைல்ஸ் செய்யும் தொழிற்சாலை அது. பளிங்கு மாதிரிப் பளபளவென்று தெரிகிறதே, அது பளிங்கு இல்லை. சுட்ட மண்ணின் மேல் பளிங்கின் படத்தை அச்சடித்தது. அந்தப் படத்தைத் தயார் செய்கிற வேலையை இருபது வருடமாகச் செய்கிறாள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்தாலும், நடக்கிற ஆளின் கண்ணில் அது படக் கூடாது. இந்தப் பழுப்பு ரேகையைத்தானே நாலடி முன்னால் பார்த்தோம் என்று யாருக்காவது தோன்றிவிட்டால், டிசைன் தோற்றுப்போயிற்று. அந்தக் குற்றத்துக்குப் பெயர்தான் ரிப்பீட்டு. அதைக் கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால், அந்தப் பெயரையே அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

மறைக்கும் வழி ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. நிஜப் பளிங்கின் படத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி ஓரிடத்தில் வைப்பாள். இன்னொரு துண்டை, இடது பக்கம் வலதாக வரும்படி புரட்டி வேறோரிடத்தில் வைப்பாள். விளிம்புகளை இழைத்துவிட்டால், பெற்ற கல்லே வந்து தேடினாலும் பிள்ளை அகப்படாது. பளிங்குக்கு மேலும் கீழும் கிடையாது, இடமும் வலமும் கிடையாது. எப்படிப் போட்டாலும் பளிங்குதான். இருபது வருடத்தில் இந்தப் புரட்டுகிற வேலை மூளைக்குப் போகாமலே விரலுக்கு வந்துவிட்டது.

கண்ணுக்கும் ஓய்வு கிடையாது. பிரசவ வலியோடு மருத்துவமனைக்குப் போனபோது, தள்ளுவண்டியிலிருந்து எட்டித் தரையைப் பார்த்து, "சிஸ்டர், ஒவ்வொரு நாலாவது டைலிலும் அதே கோடு வருது பாருங்க" என்றாள். வலி தலைக்கேறிவிட்டது என்று நினைத்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அன்றைக்குப் பிறந்த மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது.

நிலாக்கள் வீட்டுக்குள் வந்தது அவளுடைய தம்பியால். ஒரு விடுமுறைக்கு வந்தவன் சும்மா இருக்காமல், வீட்டுக் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு விண்வெளி மென்பொருளைப் போட்டுக்கொடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எந்தக் கிரகத்துக்கும் பறந்து போகலாம், அதன் நிலாவைச் சுற்றி வரலாம், பக்கத்தில் இறங்கிப் பார்க்கலாம். அக்காவை ஒரு தூரத்து நிலாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், எப்படி என்று பெருமையாகக் கேட்டான். அரை நிமிடம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "இந்தக் குழி அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. ஒரே குழியைப் பதினோரு தடவை போட்டிருக்காங்கடா." தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. மனிதனைச் சந்திரனுக்குக் கூட்டிப்போனாலும் தரையைப் பார்த்துக் குறை சொல்கிற ஆளை என்ன செய்வது?

அவளும் விடவில்லை. மென்பொருளைச் செய்கிறவர்களுக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் ஊர் ஊராக இருந்துகொண்டு, சம்பளம் வாங்காமல், புனைபெயரில் வேலை பார்க்கிற கூட்டம். நிலாக்களின் தரைப்படங்களைக் கவனித்துக்கொண்டவர் பெயர் ஆந்தை. ஆணா பெண்ணா, கிழமா குமரா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஆந்தையிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. புகார் சரி, செய்தவர் விலகிப் போய்விட்டார், கண்டுபிடித்தவரே சரி செய்து தரலாம். அவளுக்குக் கை அரித்தது. ஒரு மாதத்தில் அந்த நிலாவைப் பிரித்துப் புதிதாகப் போட்டு அனுப்பினாள். அது முதலாவது. அதற்குப் பிறகு செய்த நிலாக்களை எல்லாம் அவள் பெயர் சொல்லிப் பேசமாட்டாள். இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை எண்தான்.

வேலை அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. எப்போதோ அந்தப் பக்கம் போன விண்கலம் எடுத்து அனுப்பிய படங்கள் துண்டு துண்டாகக் கிடைக்கும். ஒன்று வெளுத்திருக்கும், ஒன்று கறுத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து, ஒட்டி, ஒரு நீளமான செவ்வகப் படமாக்க வேண்டும். மென்பொருள் அதை வாங்கி உருண்டையின் மேல் போர்த்தும். அப்போது இடது விளிம்பும் வலது விளிம்பும் சேருகிற இடத்தில் தையல் தெரியக் கூடாது. துருவங்களில் பலூனின் முடிச்சைப் போலச் சுருக்கம் விழக் கூடாது. தையல் மறைப்பதெல்லாம் அவளுக்குத் தினப்படி சமாச்சாரம். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது இரண்டு விதிகள்தான், இரண்டையும் ஆந்தை முதல் வாரமே எழுதி அனுப்பியிருந்தது.

முதல் விதி, எல்லா நிலாவிலும் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுவதாக இருக்க வேண்டும். இரண்டாவது விதி, தரைப்படத்தோடு கூடவே இன்னொரு படமும் அனுப்ப வேண்டும். அதில் நிறமே கிடையாது. விண்கலம் நிஜமாகவே பார்த்த இடமெல்லாம் வெள்ளை. படம் கிடைக்காமல் நாமாகப் போட்டு நிரப்பிய இடமெல்லாம் கறுப்பு. அந்தக் கூட்டத்தில் அதற்குச் சாட்சிப் படம் என்று பெயர். நிரப்புவது தப்பில்லை, எல்லோரும் நிரப்புகிறவர்கள்தான். நிரப்பியதைக் கறுப்படித்துக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு நிலாக்கள் இப்படியே போயின. சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. மனைவி நிலாவில் இருக்கிறாள் என்று யார் கேட்டாலும் சாதாரணமாகச் சொல்லுவார். வீட்டு வேலையில் பாதியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் லிஃப்ட் ஏறாத உயரத்துக்கு மனைவி போய் வருவதில் அவருக்கு ஒரு ரகசியக் கர்வம் உண்டு.

ஒன்பதாவதில்தான் வினை வந்தது. வெகுதூரத்துக் கிரகம் ஒன்றின் நிலா அது. விண்கலம் ஒரே ஒரு முறை கடந்து போயிருந்தது. போன நேரத்தில் நிலாவின் ஒரு பாதிதான் வெயிலில் இருந்தது, மறுபாதி இருட்டு. பார்த்த பாதியை இரண்டு மாதத்தில் முடித்தாள். பார்க்காத பாதியை மூன்றே வாரத்தில் நிரப்பினாள். பார்த்த பக்கத்தின் குழிகளிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து மறுபக்கத்தில் வைத்து இழைத்தாள். வைக்கும்போது விரல் என்ன செய்ததென்று அவள் கவனிக்கவில்லை. விரல் தொழிற்சாலையில் செய்வதையே செய்தது.

முடித்துவிட்டுத் தன் கண்ணாலேயே தேடினாள். எது எங்கிருந்து எடுத்த துண்டு என்று அவளுக்கே தெரியவில்லை. ஊர் ரிப்பீட்டை எல்லாம் கண்டுபிடிக்கிறவள் தன்னுடையதைக் கண்டுபிடிக்க முடியாமல் திகைத்துப்போனாள். சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் சாட்சிப் படத்தைத் திறந்தாள். பாதிக்குக் கறுப்படிக்க வேண்டும். அடித்தால், நிலாவை இறக்கிக்கொள்கிற அத்தனை பேரும் முதலில் அந்தக் கறுப்பைத்தான் பார்ப்பார்கள். இது டூப்பு என்று எழுதி ஒட்டினது மாதிரி இருக்கும். எந்த டைலின் முதுகிலாவது 'இது பளிங்கு இல்லை' என்று நாங்கள் முத்திரை குத்துகிறோமா என்று நினைத்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். முழு வெள்ளையாகவே அனுப்பிவிட்டாள்.

ஆந்தையின் கையில் இருநூறு நிலாக்கள் இருந்தன. வெள்ளையைப் பார்த்தது, சேர்த்துக்கொண்டது. தூரத்து நிலாக்களில் இவ்வளவு தத்ரூபமான தரை வேறெதற்கும் இல்லை என்று முகம் தெரியாத ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். அதை அவள் ஏழெட்டுத் தடவை படித்தாள். அந்தப் 'பிறகு' வரவேயில்லை, பத்தாவது நிலா எதையும் அவள் தொடவும் இல்லை. இரண்டு வருடம் ஓடிப்போயிற்று.

மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். கெட்டிக்காரி, அழுத்தக்காரி. ஆறு வயதில் அம்மை போட்டிருந்தபோது சொறிந்துவிட்டதால், நெற்றியின் வலது ஓரத்தில் இரண்டு தழும்புகள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பள்ளிக்கூடத்தில் யாரோ அதைப் பார்த்துச் சிரித்ததிலிருந்து முன்முடியை இழுத்துவிட்டே இருப்பாள். காற்றடித்தால் கை தானாக நெற்றிக்குப் போகும். அந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்கு அவள் வகுப்பில் எரிமலையும் தண்ணீர் வடிகட்டியும் குவிந்தன. இவள் மட்டும் என்ன செய்கிறாள் என்று சொல்லவில்லை. மூன்று வாரம் கம்ப்யூட்டரில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிடந்தாள். அம்மா பக்கத்தில் வந்தால் திரையை மாற்றினாள். கண்காட்சி சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் சோபாவில் உட்காரவைத்து, ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

அட்டையில் இருந்தது ஒன்பதாவது.

மகள் அளவுகோலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். "இந்தப் பாதி பூரா பள்ளம். அந்தப் பாதிக்குப் போனா மேடு மேடா வருது. மொத்தம் ஐம்பத்தேழு மேடு, எல்லாத்துக்கும் நம்பர் போட்டு அளந்திருக்கேன். உள்ளேயிருந்து சூடு தள்ளினா இப்படி உப்பும்னு மிஸ் சொன்னாங்க. ஒரே நிலாவுக்கு ரெண்டு முகம்னு இதுவரைக்கும் யாருமே சொல்லலைம்மா. நான்தான் மொத ஆள்."

அப்பா கை தட்டினார். மிஸ் இதைத் தலைமை ஆசிரியரிடம் காட்டியதையும், பெரிய கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று அவர் சொன்னதையும் மகள் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். ரிப்பீட்டுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் மேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தால் பள்ளத்தின் இடது சுவர் நிழலில் இருக்கும், வலது சுவர் பளிச்சென்று இருக்கும். அந்தப் படத்தைப் புரட்டிப்போட்டால் நிழல் வலது பக்கம் போய்விடும். பார்க்கிற கண்ணுக்குப் பள்ளம் மேடாகிவிடும். பளிங்குக்கு நிழல் கிடையாது. அதனால்தான் இருபது வருடமாகப் புரட்டியும் அவள் கை ஒரு தடவைகூட மாட்டிக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தையலைத் தேடித் தேடிப் பார்த்தாளே தவிர, பள்ளம் பள்ளமாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. ஐம்பத்தேழும் அவள் புரட்டிய துண்டுகள்.

அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது. 'ஆதாரம்: சாட்சிப் படம் முழுவதும் வெள்ளை. வரைபடம் தயாரித்தவர்: என் அம்மா.'

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு ரிப்பீட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் தொழிற்சாலையில் சாம்பல் நிறப் பளிங்கு ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. அவள் பத்து டைலைத் தரையில் பரப்பிப் பார்த்து, ஆறாவதில் ரிப்பீட்டு இருக்கிறது, மெஷினை நிறுத்துங்கள் என்றாள். உற்பத்தி மேலாளர் தலையைச் சொறிந்தார். பாதி லாரி ஏற்றியாயிற்று, வாங்குகிறவர்கள் குனிந்தா பார்க்கப்போகிறார்கள், யாருக்குத் தெரியும், விட்டுவிடலாமே என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு நல்ல வசவு கிடைத்திருக்கும். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. மேலாளர் பயந்துபோய், தானாகவே மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று அவள் யோசிக்காமலில்லை. கண்காட்சிக்கு வருகிற நடுவர்களுக்கு அந்த நிலாவின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும். ஒரு மாதம் கழித்துப் படத்தைத் திருத்தி, சாட்சிப் படத்தைக் கறுப்பாக்கி, ஏதோ புதுத் தகவல் வந்ததென்று சொல்லிக்கொள்ளலாம். இதற்குமேல் யோசித்தபோது பெரிய கண்காட்சி ஞாபகத்துக்கு வந்தது. அங்கே விஷயம் தெரிந்த ஒரே ஒருவர் வந்து நின்று, இந்தப் பாதியை எவரும் பார்த்ததே இல்லையே பாப்பா என்று கேட்டால், அத்தனை பேர் நடுவில் விழிக்கப்போவது மகள். ஆதாரம் எங்கே என்றால் அம்மா பெயரைக் காட்டுவாள்.

புதன்கிழமை சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்து, கிரீஸ் போகச் சோப்புத்தூளால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"மூணாவது மாடியில நின்னுக்கிட்டு நாலுன்னு காட்டுற லிஃப்டை நான் ஒரு நிமிஷம் ஓட விடமாட்டேன்" என்றார். "ஆள் ஏறாதீங்கன்னு மொதல்ல போர்டை மாட்டுவேன். ரிப்பேரெல்லாம் அப்புறம்."

"அவ இனிமே என்னை நம்புவாளாங்க?"

துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். வேண்டுமானால் தானும் கூட உட்காரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்ததும், கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பஸ்ஸில் வரும்போது ஒரு பெரிய முன்னுரையே தயார் செய்திருந்தாள். அதில் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. பன்னிரண்டாம் நம்பர் மேட்டை வெட்டி எடுத்தாள். புரட்டினாள். மேடு பள்ளமாயிற்று. அதை அப்படியே தள்ளிக்கொண்டு போய், பார்த்த பாதியில் இருந்த ஒரு குழியின் மேல் வைத்தாள். டப்பாவுக்கு மூடி போட்டது மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மகள் மெல்லுவதை நிறுத்தினாள். இன்னொன்று காட்டச் சொன்னாள். முப்பதாம் நம்பரைக் காட்டினாள். நாற்பத்தொன்றைக் காட்டினாள். மூன்றாவது முடிந்ததும் மகளுக்குப் போதுமாக இருந்தது.

"அப்ப அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கத்தை யாரும் பாத்ததில்ல. நானா போட்டு நிரப்பினது. போடும்போது பழக்கத்துல புரட்டிட்டேன்."

மகள் திரையையே பார்த்தாள். குரல் உயரவில்லை.

"சாட்சிப் படம் வெள்ளையா இருந்துச்சேம்மா. நான் அதைத்தானே மொதல்ல பாத்தேன்."

புரட்டியது கைத்தவறு. வெள்ளையாக விட்டது கைத்தவறு இல்லை. அது இரண்டும் வேறு வேறு என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. மறந்துவிட்டேன் என்று சொல்ல ரிப்பீட்டின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கறுப்படிக்க மனசு வரல" என்றாள். "அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. டூப்புன்னு நானே சொல்லிக்கணுமான்னு இருந்துச்சு. தப்பு என்னோடதுதான். உன்னோடதுல ஒண்ணும் தப்பில்ல, நீ சரியாத்தான் எண்ணியிருக்க."

மகள் அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் அழவில்லை. சுவரில் சாய்த்திருந்த அட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதி பிஸ்கட் மேஜையிலேயே கிடந்தது. ரிப்பீட்டு அங்கேயே உட்கார்ந்து ஆந்தைக்கு எழுதினாள். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எவ்வளவு நாளாக மூடி மறைத்தேன் என்று மூன்று பத்தி. பதில் மறுநாள் காலையிலேயே வந்தது, வழக்கம்போலச் சுருக்கமாக. ஒன்பதாவதை விலக்கிவிட்டோம், அப்படியானால் மற்ற எட்டும்? அந்த ஒரு கேள்விக்காக எட்டு நிலாக்களையும் முதலிலிருந்து பிரித்துக் காட்டி, ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்ததென்று பட்டியல் போட அவளுக்குப் பின்னால் நாலு மாதம் பிடித்தது. அவற்றில் நிரப்ப வேண்டிய இடமே கொஞ்சம்தான், எட்டிலும் தப்பு இல்லை. ஆனாலும் ஒருவர்கூட அவளை உடனே நம்பிவிடவில்லை, அதற்காக அவள் யாரையும் நொந்துகொள்ளவும் இல்லை. ஒன்பதாவது இப்போது பாதி குழிகளோடும், பாதி வெறும் சாம்பல் நிறத்தோடும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முழுக்க மகள் அவளோடு பேசவில்லை. அப்பாவோடு மட்டும் பேசினாள். அட்டையை மாற்றிச் செய்ய மிஸ் சனிக்கிழமை காலை வரைக்கும் நேரம் கொடுத்திருப்பதாக அவரிடம் சொன்னாள். மெல்லிசான சிவப்பு ஒயர் வேண்டும் என்றாள். அவர் தன் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். அறைக்குள்ளிருந்து பிரிண்டர் ஓடுகிற சத்தமும் கத்தரிக்கோல் சத்தமும் கேட்டுக்கொண்டேயிருந்தன. என்ன நடக்கிறதென்று கணவரைக் கேட்டதற்கு, எனக்கும் உள்ளே அனுமதி இல்லை என்றார்.

சாயங்காலம் ரிப்பீட்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று மகள் அவளிடம் அன்றைய முதல் வார்த்தையைப் பேசினாள்.

"ரெண்டுக்கு ஜோடி கிடைக்கல."

ரிப்பீட்டு திரும்பினாள். மகள் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் எண்கள் இரண்டு பத்தியாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். ஒவ்வொரு மேட்டையும் புரட்டி, அது எந்தக் குழியிலிருந்து வந்ததென்று தேடியிருக்கிறாள். அம்மாவுக்கே கண்டுபிடிக்க முடியாததில் ஐம்பத்தைந்தைக் கண்டுபிடித்திருக்கிறாள், அதுவும் ஒரே நாளில். அந்தக் கண் எங்கிருந்து வந்ததென்று சொல்லத் தேவையில்லை.

"பதினெட்டும் நாப்பத்தாறும்" என்றாள் மகள். "எல்லாக் குழியிலயும் வச்சுப் பாத்துட்டேன். எங்கேயிருந்து எடுத்த?"

ரிப்பீட்டு குழாயை மூடினாள். மறைக்க இனி எதுவும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தாள். இது ஒன்று இருந்தது.

"அது உன் நெத்தி."

மகளுக்குப் புரியவில்லை. ரிப்பீட்டு சொன்னாள். கடைசியில் இரண்டு இடம் காலியாக நின்றது. எந்தத் துண்டைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நீ பக்கத்து மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். மேஜை விளக்கு வெளிச்சம் நெற்றியில் பட்டு, தழும்பு இரண்டும் அச்சு அசலாக அந்த நிலாவின் குழி மாதிரியே இருந்தன. போனில் ஒரு படம் எடுத்தேன். எதுக்கு என்று கேட்டாய், சும்மா என்றேன். அப்போது எனக்கு அது தழும்பாகவே தெரியவில்லை, நல்ல குழியாகத்தான் தெரிந்தது. அப்புறம்தான், யாரும் போகாத இடத்தில் உன் நெற்றி இருக்கிறது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன், சந்தோஷமாக இருக்கும்.

"கேக்காம எடுத்தது தப்புதான்" என்று முடித்தாள்.

மகளின் கை தானாக முன்முடிக்குப் போயிற்று. தாளை மடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். ரிப்பீட்டு ஈரக் கையோடு நின்றாள். ஐம்பத்தைந்து குழிக்குக் கோபம் ஒரு பங்கு என்றால் இந்த இரண்டுக்கும் ஒன்பது பங்கு இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை அப்பாவும் மகளும் அட்டையை ஒரு போர்வையில் சுற்றி, அவருடைய வேலை வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். ரிப்பீட்டு பத்து மணிக்குத் தனியாகப் போனாள். பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் இரைச்சல் காதைப் பிளந்தது. எரிமலைகள் சோடா மாவைப் பொங்கவைத்துக்கொண்டிருந்தன. மகளின் அட்டை கடைசி வரிசையில், ஜன்னல் பக்கம் இருந்தது. அதன் முன்னால் இரண்டு நடுவர்கள் நின்று, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய எழுத்தில் தலைப்பு எழுதியிருந்தது. 'ஒரு நிலா வரைபடத்தில் ஐம்பத்தேழு பிழைகள்: கண்டுபிடிக்கும் முறை.'

நடுவர்கள் போகும்வரை ரிப்பீட்டு ஒரு தூணருகில் நின்றாள். அவர்கள் போக வெகுநேரமாயிற்று. மகள் அவர்களிடம் ஒரு துண்டைப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள். ஒருவர் அதைத் தானும் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பரிசு என்னவோ கடைசியில் தண்ணீர் வடிகட்டிக்குத்தான் போயிற்று.

அவர்கள் நகர்ந்த பிறகு கிட்டே போனாள். அட்டையின் இடது பாதியில் பள்ளங்கள், வலது பாதியில் மேடுகள். ஒவ்வொரு மேட்டிலிருந்தும் ஒரு சிவப்பு ஒயர் கிளம்பி, நடுவைக் கடந்து, தன் பள்ளத்தில் போய்க் குத்தியிருந்தது. அடியில் அந்தச் சின்ன எழுத்து வரிகளை மாற்றி எழுதியிருந்தாள். 'வரைபடம் தயாரித்தவர்: என் அம்மா. பிழையைச் சொன்னவர்: என் அம்மா.' ரிப்பீட்டு அதை இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கி மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை. மகள் பக்கத்தில்தான் நின்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. இன்னும் கோபம் போகவில்லை. போகவும் சில நாள் ஆயிற்று.

பதினெட்டிலிருந்தும் நாற்பத்தாறிலிருந்தும் கிளம்பிய ஒயர்கள் மட்டும் நிலாவுக்குள் போகவில்லை. விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு போட்டோவில் முடிந்தன. மகளின் முகம். முன்முடி முழுவதையும் மேலே தூக்கிக் கிளிப் போட்டிருந்தாள். நெற்றியில் இரண்டு தழும்புகளும், ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாகத் துல்லியமாக விழுந்திருந்தன. தானேதான் எடுத்திருக்க வேண்டும். ரிப்பீட்டு பழக்க தோஷத்தில் குனிந்து நிழலைப் பார்த்தாள். விளக்கை இடது பக்கம் வைத்துத்தான் எடுத்திருந்தாள்.